போடிக் கடைக் கம்ப்யூட்டருக்கு ஒரு காவல்

ஜெயமங்கலத்துக்காரி தன் முதல் எடுப்பு ஏலக்காயை என் ஸ்டோரில் ஏற்றிய வாரமும், என் கடைக் கம்ப்யூட்டருக்குப் புதுக் காவல் தேடி நான் அலைந்த வாரமும் ஒன்றாக அமைந்துவிட்டன.

அந்தப் பெண்ணைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். விடியுமுன் ஜீப்பில் ஏறி, மலை மேல் ஏலத்தோட்டத்தில் கூலிக்குக் காய் எடுத்துவிட்டு, இருட்டும் நேரத்தில் வீடு திரும்புகிற கூட்டத்தில் ஒருத்தியாக இருந்தவள். போன வருடம் துணிந்து ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்தாள். நிலத்துக்காரர் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். முதல் எடுப்பின் காய் நல்ல பச்சையாக இறங்க வேண்டும். இறங்கினால் குத்தகை தொடரும், இல்லையென்றால் வேறு ஆள். காயை என் ஸ்டோர் வாசலில் இறக்கியபோது அவள் சொன்னது இவ்வளவுதான்: "நெறம் மாறாம இறக்கிக் குடுத்துருங்கண்ணே. இல்லாட்டி நாளைக்கே பழையபடி ஜீப்புல தொங்கிக்கிட்டுப் போகணும்."

"யாருகிட்ட வந்து சொல்ற ஆத்தா?" என்றேன். வெறும் பேச்சில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். போடி பஜாரில் மூட்டை சுமந்தேன், காய் சலித்தேன், தரகு பார்த்தேன், கடை வைத்தேன். இன்றைக்கு மலை மேல் எனக்குச் சொந்தமாகக் காய் உலர்த்தும் ஸ்டோர் இருக்கிறது, கீழே மாடிக் கட்டிடம் இருக்கிறது. கண்ணைக் கட்டிவிட்டு ஒரு காயைக் கையில் கொடுத்தால் அது எந்தச் சரிவில் காய்த்தது என்று சொல்வேன். சொல்லியிருக்கிறேன். கொச்சி வியாபாரிகள் வாயைப் பிளந்து நின்றதைப் பஜாரே பார்த்தது. அப்பேர்ப்பட்ட நான் வாயைப் பிளந்த கதை இது.

ஸ்டோரில் காய் காய்வது சூட்டுக் கணக்கு. சூடு கொஞ்சம் கூடினால் பச்சை வெளுத்துப்போகும், குறைந்தால் காய் புழுங்கிப்போகும். முன்பெல்லாம் சுவரில் கையை வைத்துத்தான் பார்ப்போம். நான் காலத்தோடு போகிறவன். கோயம்புத்தூரில் ஒரு சின்னப் பட்டறைக்காரரைப் பிடித்து, ஸ்டோருக்குள் சூட்டை அளக்கிற கருவி வைத்தேன். அது அளந்ததை, கம்பி இழுத்து வாங்கிய இணையத்தில் ஏற்றிவிடும். கீழே போடிக் கடையில் உள்ள கம்ப்யூட்டர் அதைப் போய் எடுத்து வந்து திரையில் ஓரமாக ஒரு நம்பராகக் காட்டும். மலை மேலும் அந்த நம்பரைக் காட்ட ஒரு பெட்டி வைக்கட்டுமா என்று பட்டறைக்காரர் கேட்டார். வேண்டாம், பார்க்கிறது நானாகவே இருக்கட்டும் என்றுவிட்டேன். ஸ்டோர்க் காவலுக்கு இருக்கிறவரிடமும் கண்டிப்பாகச் சொல்லிவைத்தேன்: கதவைத் திறந்து திறந்து பார்க்கக்கூடாது, சூடு ஓடிப்போகும், நான் போனில் சொல்வேன், விறகைக் கூட்டு என்றால் கூட்டு, இழு என்றால் இழு.

இனி காவல் விஷயம்.

கடைக்குக் கம்ப்யூட்டர் வந்த நாளிலேயே அதில் ஃபயர்வால் என்று ஒன்றைப் போட்டுக் கொடுத்தவர் தேனியில் சர்வீஸ் கடை வைத்திருப்பவர். தாத்தா காலத்து ஜவுளிக் கடையைக் கம்ப்யூட்டர் கடையாக மாற்றியவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்த பிறகுதான் போனை எடுப்பார். அன்றைக்கு அவர் விளக்கியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

"இது போடிமெட்டு செக்போஸ்ட் மாதிரிண்ணே. ஏறுற வண்டியையும் நிறுத்தும், இறங்குற வண்டியையும் நிறுத்தும். உங்கள ஒரு வார்த்த கேக்காம எதுவும் உள்ள வராது, வெளிய போகாது."

அது எனக்குப் போதுமாக இருந்தது. ஏதாவது ஒரு புரோகிராம் இணையத்துக்குப் போகப் பார்த்தால், திரையில் சின்னப் பெட்டி ஒன்று எழும்பி நிற்கும். விடலாமா, வேண்டாமா? இங்கிலீஷ்தான், ஆனால் விடு என்பது எந்தப் பொத்தான், விடாதே என்பது எந்தப் பொத்தான் என்று பழகிக்கொண்டேன். அது என்னைக் கேட்டது. என் வீட்டிலேயே என்னைக் கேட்காமல் நடக்கிற காரியங்கள் எத்தனையோ. இது ஒன்றாவது கேட்டதே என்று அதன் மேல் எனக்கு ஒரு தனிப் பிரியம்.

ஒரு நாள் காலையில் மருமகள் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கம்பத்துப் பெண். பி.காம். படித்தவள். கடைக் கணக்கெல்லாம் அவள் கையில்தான்.

"மாமா, இத ஆக்குனவுக நிறுத்திட்டாகளாம்."

"எத?"

"இந்த ஃபயர்வால. இனிமே நாங்க எதையும் சரிபண்ணித் தர மாட்டோம், வேற பாத்துக்கங்கன்னு போட்டிருக்காக. இத்தன வருசம் வச்சிருந்ததுக்கு நன்றின்னும் எழுதியிருக்காக."

"நன்றிய நாமள்ல சொல்லணும்? அவுக எதுக்குச் சொல்றாக? எந்த ஊருக்காரக?"

"தெரியல மாமா. ஏதோ வெளிநாடு."

"நம்மகிட்ட வருசத்துக்கு என்ன வாங்குனாக?"

"ஒண்ணும் வாங்கல. சும்மாதான் குடுத்தாக."

பஜாரில் ஒரு மூட்டைக்குப் பக்கத்தில் அரைப்பொழுது நின்று பார்த்துக்கொள் என்றாலே டீக்குக் கேட்பான். முகம் தெரியாத யாரோ ஒருவர், எந்தக் கடலுக்கு அந்தப் பக்கமோ உட்கார்ந்துகொண்டு, போடியில் இப்படி ஒரு கடை இருப்பதே தெரியாமல், இத்தனை வருடம் என் வாசலில் காவல் நின்றிருக்கிறார். போகும்போது சொல்லிக்கொண்டு வேறு போகிறார்.

"முதல்தரக் காயா, எட்டு எம்.எம்.ல, ஒரு கிலோ அனுப்பிவிடு தாயி."

"அட்ரஸ் இல்ல மாமா. மெயிலுதான் இருக்கு."

"அதுல காய் போகாதோ?"

அவள் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்த பிறகு, என் சார்பில் இங்கிலீஷில் ஒரு நன்றி எழுதி அனுப்பினாள். போடிப் பக்கம் வந்தால் கடைக்கு வரவேண்டும் என்பதையும் கடைசியில் சேர்க்கச் சொன்னேன்.

பழையதையே வைத்துக்கொண்டு ஓட்டலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். சர்வீஸ்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. "ஓடும்ணே. ஆனா நாளைக்கு அதுல ஒரு ஓட்ட விழுந்தா அடைக்க ஆளில்ல. கம்ப்யூட்டரு மாறிக்கிட்டே இருக்கும், இது மாறாது. ஒரு நாளைக்கு ரெண்டும் முட்டிக்கிரும்."

பஜாரில் விசாரித்தேன். ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். பெயர்களை மருமகளிடம் கொடுத்தேன், அவள் தேடிப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தாள். "இது மூடியாச்சு மாமா. இத ஒரு பெரிய கம்பெனி வாங்கிருச்சு, இப்பத் தனியாக் குடுக்குறதில்லயாம். இது இருக்கு... ஆனா பல வருசமா ஒரு மாத்தமும் பண்ணல." கடையடைப்பு நாளில் பஜாருக்குள் நடந்துபோகிற மாதிரி இருந்தது. எல்லாப் பெயர்ப் பலகையும் மேலே இருக்கிறது, கதவு ஒன்றும் திறந்திருக்கவில்லை. ஊரே ஒரு காலத்தில் கொண்டாடிய சரக்குகளாம் இவை.

கம்ப்யூட்டரோடு வருகிற காவல் ஒன்று இருக்கிறதே, அதுவே போதும் என்றாள் மருமகள். சர்வீஸ்காரரிடம் கேட்டேன்.

"நல்லதுதாண்ணே, குத்தம் சொல்ல முடியாது. வெளியிலருந்து வாரத நல்லாவே தடுக்கும். ஆனா உள்ளருந்து வெளிய போறத, நம்மளாப் போயி எழுதி வச்சாலொழிய, அது கேக்காது."

"அப்ப ஒரு பக்கத்து வண்டிய மட்டும் பாக்குற செக்போஸ்டு."

"அப்படித்தாண்ணே வச்சுக்கங்க."

எனக்கு அது ஒப்பவில்லை. மலையடிவாரத்துக்காரன் நான். உள்ளே வந்தவனால் என் தொழிலில் அடி விழுந்ததே இல்லை. உள்ளேயிருந்து வெளியே போன பேச்சால்தான் விழுந்திருக்கிறது. நான் எந்தக் காயை எந்த விலைக்குக் கேட்கப்போகிறேன் என்பது கடைவாசலைத் தாண்டினால் அதோடு அன்றைய வியாபாரம் போயிற்று. வெளியே போவதைக் கேட்காத காவல் எனக்குக் காவலே இல்லை.

காசு கொடுத்து வாங்குகிற ஒன்றையும் இரண்டு நாள் போட்டுப் பார்த்தோம். வைரஸுக்கு மருந்து, பாஸ்வேர்டுக்குப் பெட்டி, இன்னும் என்னவெல்லாமோ சேர்த்துக் கட்டிய மூட்டை அது. எங்கள் கம்ப்யூட்டர் மேடேறுகிற பாரவண்டியாக முனக ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை மூலையில் சிவப்பாக ஒன்று முளைத்து, ஆபத்து, இன்னொன்றையும் வாங்கு என்றது. காவலுக்கு வைத்தவன் வாசலில் உட்கார்ந்து என்னிடமே வியாபாரம் பேசினால் எப்படி? எடுத்துவிடச் சொன்னேன். லேசில் போக மாட்டேன் என்றது. மருமகள் அரைநாள் மல்லுக்கட்டி வெளியேற்றினாள்.

கடைசியாக சர்வீஸ்காரர் சின்னதாக ஒன்றைச் சொன்னார். கம்ப்யூட்டரில் இருக்கிற காவலையே கையாளாக வைத்துக்கொண்டு, வெளியே போகிறதையும் நிறுத்திக் கேட்கிற புரோகிராம். பஜாருக்குள் புதிதாகக் கடை போட வந்தவனை விசாரிப்பதைப் போல அதையும் விசாரித்தேன். கடைசியாக எப்போது கதவு திறந்தார்கள்? போன மாதம்கூடப் பிழை திருத்தி வெளியிட்டிருக்கிறார்கள் என்றாள் மருமகள். குறை சொன்னவர்களுக்குப் பதில் சொல்கிறார்களா? சொல்கிறார்கள், கோபப்படாமலே சொல்கிறார்கள். எதில் பிழைக்கிறார்கள்?

"கூடுதலா வேணும்ங்கிறவுக காசு குடுத்து வாங்கலாமாம். மத்தவுகளுக்குச் சும்மா."

"சரி. பொழப்பு தெரிஞ்சுபோச்சு. நம்பலாம்."

சர்வீஸ்காரர் இரண்டு எச்சரிக்கை சொன்னார். செய்தவர்களின் சொந்தப் பக்கத்திலிருந்துதான் இறக்க வேண்டும், அதே மாதிரி ஜோடித்த போலிப் பக்கங்கள் இருக்கின்றன. அடுத்தது, பழையதை முழுசாக எடுத்த பிறகே புதியதைப் போட வேண்டும். இரண்டு காவலை ஒரே வாசலில் நிறுத்தினால் ஒன்றையொன்று மறித்துக்கொள்ளும். மருமகள் அப்படியே செய்தாள். ஜெயமங்கலத்துக்காரியின் காய் ஸ்டோரில் ஏறி, தட்டுகளில் பரப்பி, அடுப்புப் பற்றவைத்த அதே காலை.

புதியது திறந்ததும் ஒரு பட்டியலைக் காட்டியது. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் எந்தெந்தப் புரோகிராம் அந்த நிமிடத்தில் எங்கெங்கே போய்வருகிறது என்று வரி வரியாக. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அது போகிற நாட்டின் கொடி, நகக்கண் அளவுக்கு.

"இது என்ன கொடி?"

"சிங்கப்பூர் மாமா."

"இது?"

"அயர்லாந்து. அது அமெரிக்கா. இது... நெதர்லாந்துன்னு நெனைக்கிறேன்."

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். வாழ்நாளில் நான் போன தூரம் வடக்கே டெல்லி, அதுவும் ஒரே தடவை. என் மேசையின் ஓரத்தில் காய்த் தூசி படிந்து கிடக்கிற இந்தப் பெட்டி, நான் காலையில் டீ குடித்து முடிப்பதற்குள் அத்தனை கடலையும் தாண்டிப் போய்விட்டு வந்துகொண்டிருந்திருக்கிறது. இத்தனை வருடம் என் பக்கத்திலேயே இருந்துகொண்டு! கொடிகள் வந்தன, மறைந்தன, வேறு வந்தன. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். வந்த வியாபாரியைக்கூட உட்காரச் சொல்ல மறந்துவிட்டேன்.

"மாமா, வாய மூடுங்க," என்றாள் மருமகள்.

அதன் பிறகு புதிய காவல் கேட்க ஆரம்பித்தது. பழையதிடம் நான் ஏற்கெனவே சொல்லிவைத்திருந்த அனுமதி எதுவும் இதற்குத் தெரியாதல்லவா, ஒவ்வொன்றாக முதலிலிருந்து கேட்டது. மருமகள் பேங்குக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். "நான் வர்ற வரைக்கும் எதையும் அழுத்தாதீக மாமா" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். ஆனால் இது என் தொழில். பஜாரில் புது முகம் ஒன்று கடையேறினால் எங்கள் முதல் கேள்வி, யார் சொல்லி வந்தீர்கள் என்பது. தெரிந்த பெயர் ஒன்றைச் சொன்னால் உட்காரச் சொல்வோம். சொல்லாவிட்டால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுவோம். இந்த முறையில்தான் நான் இவ்வளவு தூரம் வந்தேன். அதையே இங்கும் கடைப்பிடித்தேன். தெரிந்த பெயராகக் கேட்டதை விட்டேன். வாயில் நுழையாத பெயர், எழுத்தும் எண்ணும் கலந்த பெயர், எல்லாவற்றுக்கும் கும்பிடு. அழுத்த அழுத்தக் கை சுறுசுறுப்பாகிவிட்டது. கொடிகள் குறைந்தன. வாசல் அமைதியாயிற்று.

ஓரத்தில் ஸ்டோரின் நம்பர் நாற்பத்தெட்டில் நின்றது. அதைவிட நல்ல சூடு கிடையாது. மதியம் வரைக்கும் நாற்பத்தெட்டு. வழக்கமாக விறகு ஏற இறங்க அதுவும் ஏறி இறங்கும். அன்றைக்கு அசையவே இல்லை. பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"பாத்தீகளா? இதான் ஸ்டோரு. ஆணி அடிச்ச மாதிரி நிக்குது."

"ஒங்க ராசிண்ணே," என்றுவிட்டுப் போனார்.

மருமகள் திரும்பி வந்து, செருப்பைக் கழற்றியவள் திரையைப் பார்த்தபடியே நின்றுவிட்டாள்.

"மாமா, நான் போகயிலயும் இதே நம்பரு."

"அதான் சொல்றேன்ல, நம்ம ஸ்டோரு..."

"மலையில மழை ஊத்துதாம் மாமா. பேங்குல சொன்னாக. மழையில எப்படி மாமா ஒரே சூடு நிக்கும்?"

மழையென்றால் ஈரக்காற்று. சூடு இறங்கிவிட்டதென்று தானாகவே விறகை அள்ளிப் போடுவது அங்கே இருக்கிறவரின் பழக்கம். நான் போனில் இழு என்றால்தான் இழுப்பார். நான் காலையிலிருந்து ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

அவர் போன் கிடைக்கவில்லை. மலையில் மழை பெய்தால் சிக்னல் போய்விடும். மேலே ரோட்டோரத்தில் டீக்கடை வைத்திருக்கும் மலையாளத்துக்காரருக்கு அடித்தேன். நல்லவேளை எடுத்தார்.

"சேட்டா, நம்ம ஸ்டோருக்கு ஓடுங்க. அடுப்பக் கொறைக்கச் சொல்லுங்க. கதவத் தெறந்துவிடச் சொல்லுங்க. நாஞ் சொன்னேன்னு சொல்லுங்க."

"மழையாணு முதலாளி..."

"மழையில ஓடுங்க!"

இங்கே மருமகள் புதிய காவலின் பட்டியலில், தடுத்தது எவை என்று காட்டும் பக்கத்தைத் திறந்திருந்தாள். வரிசையாக ஒரே பெயர். பட்டறைக்காரர் தன் புரோகிராமுக்கு வைத்திருந்த பெயர், எழுத்தும் எண்ணும் கலந்தது. வெளியே போகவேண்டும் என்று கேட்டிருக்கிறது, தடுத்திருக்கிறது. மறுபடி கேட்டிருக்கிறது, மறுபடி தடுத்திருக்கிறது. அவள் கீழே இழுக்க இழுக்க அதே வரி. மலை மேல் போய்ச் சூட்டைப் பார்த்து வருகிறேன் என்று என் சொந்த ஆள் உள்பக்கமாக நின்று கதவைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறான். சலிக்காமல் தட்டியிருக்கிறான். எடுத்து வர வழியில்லாததால், கடைசியாக எடுத்து வந்த நம்பரையே திரை பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது.

"இது ஒங்க மேல தப்பில்ல மாமா," என்றாள், என் முகத்தைப் பார்த்துவிட்டு.

"பேசாம விடு அவன," என்றேன்.

அவள் அனுமதித்தாள். நம்பர் ஒருமுறை கண் சிமிட்டியது. ஐம்பத்தேழு.

நாங்கள் இருவரும் திரைக்கு முன்னால் குனிந்தோம். ஐம்பத்தேழு. கடையில் காய் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள்கூட, என்னவென்று தெரியாமலேயே, கையை நிறுத்திவிட்டார்கள். ஐம்பத்தேழு. ஐம்பத்தெட்டு. நான் அந்த ஜெயமங்கலத்துக்காரியை நினைத்தேன். அவள் அந்நேரம் தன் குத்தகைத் துண்டில், நனைந்த சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, செடிக்குக் களை எடுத்துக்கொண்டிருப்பாள்.

பிறகு ஐம்பத்தேழு. ஐம்பத்தாறு.

"எறங்குது," என்றாள் மருமகள், சத்தமே வராமல்.

ஐம்பத்தைந்து. போன் அடிக்கவில்லை, யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் எனக்குத் தெரிந்தது. அந்த மனிதர் கொட்டுகிற மழையில் மேடேறி ஓடிவிட்டார். கதவு திறந்துவிட்டது. அடுப்பிலிருந்து விறகை இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். முன்னால் இருக்கிற மலை மேகத்துக்குள் போய்விட்டது, என் கண்ணுக்கு மலையே தெரியவில்லை. மலைக்கு மேலே ஒருத்தர் கை செய்கிற காரியம் மட்டும் என் மேசையில் ஒவ்வொரு எண்ணாக இறங்கிக்கொண்டிருக்கிறது. இந்த வயதுக்குள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். சாமி ஆடுவதைப் பார்த்திருக்கிறேன். குச்சனூர்க் கோயிலில் கூட்டம் ஒரே குரலாகக் கும்பிடுவதைப் பார்த்து உடம்பு சிலிர்த்து நின்றிருக்கிறேன். அந்த நம்பர் இறங்கியதைப் பார்த்து எனக்கு அப்படித்தான் ஆயிற்று. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன். யாரைக் கும்பிட்டேன் என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

நாற்பத்தொன்பதில் வந்து, ஏறி, இறங்கி, உயிரோடு அசைய ஆரம்பித்த பிறகுதான் நாற்காலியில் சாய்ந்தேன். அப்புறம்தான் போன் வந்தது. "ஒண்ணும் கெட்டுப்போகல முதலாளி," என்றார் ஸ்டோர்க் காவல்காரர், மூச்சு வாங்க. கெட்டதா இல்லையா என்பது காய் இறங்கினால்தான் தெரியும்.

புதிய காவலை எடுத்துவிடலாமா என்று மருமகள் கேட்டாள். கூடாது என்றேன். அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. கேட்டது, நான் சொன்னபடி நடந்தது. அவளும் நானுமாக உட்கார்ந்து, தடுத்த பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்து, இது யார், எதற்கு வந்தது என்று தேடித் தெரிந்துகொண்டு, விட வேண்டியதை விட்டோம். சிலதை விடவில்லை. ஒரு பழைய விளையாட்டு எதற்காக நாள் முழுக்க வெளிநாடு போய்வந்தது என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. ஸ்டோருக்குள்ளும் சூட்டைக் காட்டும் பெட்டி ஒன்றை வைக்கச் சொல்லிப் பட்டறைக்காரருக்குப் போன் போட்டேன்.

காய் கீழே இறங்கிய அன்று நிலத்துக்காரரும் வந்திருந்தார், அவளும் வந்திருந்தாள். அடித்தட்டுக் காய் வெளுத்திருந்தது. அதைத் தனியாக ஒரு பையில் கட்டி, அந்தப் பையைத்தான் முதலில் பிரித்துக் காட்டினேன். நடந்ததைச் சொன்னேன். நிலத்துக்காரர் பெரிய மூட்டைக்குள் தோள் வரைக்கும் கையை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். அவள் நான் நின்ற பக்கம் திரும்பவே இல்லை. அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பச்சை. இளம் பாசிப் பச்சை.

"அடித்தட்டு போனாப் போகுது," என்றார் அவர். "அடுத்த வருசமும் நீயே பாரு."

அவள் குனிந்து, அவர் எடுத்த பிடியைக் கேட்டு வாங்கி மூட்டைக்குள் திரும்பப் போட்டு, ஒரு காய்கூடச் சிந்தாமல் வாயைச் சுருட்டிக் கட்டினாள்.